உச்சத்துக்குப் போகாத குன்று

பிளஸ் டூ தாவரவியலில் தாவர வழிமுறை வளர்ச்சி என்ற பகுதியைப் படித்தவர்களுக்கு அந்த அம்புக்குறிகள் நினைவிருக்கும். முதலில் வெறும் பாறை. அதன்மேல் லைக்கன் வருகிறது, லைக்கன் அரித்த தூளில் பாசி, பாசி பிடித்துவைத்த மண்ணில் புல்லும் பூண்டும், அப்புறம் புதர், கடைசி அம்பு ஒரு காட்டில் போய் முட்டி நிற்கிறது. அதற்கு உச்ச சமுதாயம் என்று பெயர். வரிசை மாறாமல் எழுதினால் முழு மதிப்பெண். இந்தப் படத்தின்மேல் எனக்கு வெகுகாலமாக ஒரு மனத்தாங்கல். அது தப்பு என்று வாதாடும் அளவுக்கு நான் தாவரவியல் படித்தவனில்லை. ஆனால் சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் சாலையில் கள்ளக்குறிச்சியைத் தாண்டித் தியாகதுருகம் வரும்போது, அந்தக் கோட்டைமலை கண்ணில் பட்டதும் அம்புகளெல்லாம் ஒரு கணம் தடுமாறுகின்றன. வட தமிழ்நாட்டின் இந்தப் பாறைகளுக்கு ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயது என்று நிலவியலாளர்கள் கணிக்கிறார்கள். மேலே கிடந்தவை கரைந்துபோய்க் குன்றாக வெளியே தலைநீட்டியது மிகப் பின்னால் என்றாலும், அதுவும் நம் சரித்திரப் புத்தகங்களுக்குள் அடங்குகிற காலமில்லை. இவ்வளவு காலம் வெயிலிலும் மழையிலும் கிடந்தும் அதன் பெரும்பகுதி இன்னும் முதல் அம்பிலேயே நிற்கிறது. ஏன் அது முன்னேறவில்லை என்று கேட்கத் தோன்றும். முன்னேற வேண்டும் என்று அதற்கு யார் சொன்னது என்று அடுத்த நொடியே தோன்றும். இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில்தான் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

கோடையில் அந்தப் பாறையில் வெறுங்காலை வைக்க முடியாது. பத்து மணிக்கு மேல் காற்று பாறையிலிருந்து கிளம்பி முகத்தில் அறைவதுபோல் இருக்கும். தூரத்திலிருந்து கறுப்பும் சாம்பலுமாகத் தெரிவதைப் பாறையின் நிறம் என்றுதான் எல்லோரும் நினைப்போம். கிட்டே போனால் அதில் பாதிக்கு மேல் உயிர். சாம்பல், வெளிர்பச்சை, மஞ்சள், சில இடங்களில் துரு நிறம் என்று வட்டவட்டமாக லைக்கன் படர்ந்திருக்கிறது. பாறையோடு ஒட்டிப் படரும் வகைகள் பல ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை, அதனால் உள்ளங்கையகல வட்டம் ஒன்றுக்குப் பக்கத்திலிருக்கும் கிராமத்துக் கிழவரைவிட வயது அதிகமாக இருக்கலாம். லைக்கன் ஒற்றைச் செடி இல்லை, பூஞ்சையும் நுண்பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம் என்று 1860களின் இறுதியில் சைமன் ஷ்வெண்டனர் என்ற சுவிஸ் தாவரவியலாளர் சொன்னபோது, லைக்கன் நிபுணர்களே அவரைப் பரிகாசம் செய்தார்கள். அவரும் அதை நட்பாகப் பார்க்கவில்லை, பூஞ்சை எஜமான், பாசி அடிமை என்றுதான் எழுதினார். எந்த நூற்றாண்டு மனிதர் பார்த்தாலும் தன் நூற்றாண்டைத்தான் அதில் பார்க்கிறார் போலிருக்கிறது. நம் வீட்டுக் குழம்பில் விழும் கல்பாசியும் லைக்கன்தான், பெயரில் கல் இருந்தாலும் பெரும்பாலும் மரப்பட்டையில் வளர்வது.

பாறை வெடித்த இடுக்குகளில் ஒரு கைப்பிடி மண் சேர்ந்திருக்கும். அங்கே மயில்சிகை என்கிற சிறு பெரணி, கோடை முழுக்கச் சுருண்டு கருகின தாள்போல் கிடக்கும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறியத் தோன்றும். ஒரு மழை விழுந்ததும் விசிறியாக விரிந்து பச்சையாகிவிடும். இன்னும் கொஞ்சம் அகலமான இடுக்கில் பிரண்டை, சதுரக்கள்ளி, ஒரு காரைப் புதர். சரிந்து இறங்கும் பக்கத்தில் மண் முழங்கால் ஆழம் இருக்கும் இடத்தில் அரப்பு, வெப்பாலை, சூரை முள். மழைக்காலத்தில் பாறையின் பள்ளங்களில் நீர் தேங்கிச் சின்னச் சின்னக் குட்டைகள் உண்டாகும். தென்னிந்தியாவின் இப்படிப்பட்ட மழைக்குட்டைகளில் தலைகீழாக நீந்தும் ஒரு குட்டி இறால் வகை இருக்கிறது. குட்டை வற்றுவதற்குள் முட்டையிட்டுச் செத்துவிடும். முட்டைகள் தூசியோடு தூசியாக ஆண்டுக்கணக்கில் வறண்டு கிடந்து, அடுத்த நல்ல மழையில் பொரியும். பாறை ஓணானில் ஆண், இணைசேரும் பருவத்தில் முதுகு செம்மஞ்சளும் விலா கறுப்புமாக நிறம் மாறிப் பாறை உச்சியில் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒன்று உறைக்கிறது. புத்தகத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் காலத்தில் நிற்கிற எல்லாக் கட்டங்களும் இங்கே ஒரே நாளில், கைக்கெட்டும் தூரத்தில் பக்கம்பக்கமாக இருக்கின்றன. லைக்கன் பாசிக்கு வழிவிட்டு ஒதுங்குவதற்காகக் காத்திருக்கவில்லை. அதற்கு அங்கே இடம் இருக்கிறது, மண் இல்லை, அதனால் அது இருக்கிறது. மழை சேர்க்கும் மண்ணை அடுத்த மழை கழுவிக்கொண்டு போகிறது. அந்த மண்தான் அடிவாரத்து வயல்களிலும் ஏரி குளங்களிலும் போய்ப் படிகிறது. பாறை காடாகாமல் நிற்பதால்தான் அதன்மேல் விழும் மழையில் பெரும்பங்கு வழிந்து கீழே வருகிறது என்பதையும் யாராவது கணக்கில் எடுக்க வேண்டும்.

அம்புகளுக்கு ஒரு அப்பா உண்டு. அமெரிக்காவின் நெப்ராஸ்கா புல்வெளியில் வளர்ந்த ஃபிரெடெரிக் கிளெமென்ட்ஸ் 1916இல் எழுதிய தடித்த புத்தகத்தில், தாவரக் கூட்டம் என்பது ஓர் உயிரி போன்றது, பிறக்கும், வளரும், முதிர்ந்து உச்சத்தில் நிலைக்கும், அந்தந்த வட்டாரத்தின் தட்பவெப்பத்துக்கு ஒரே ஒரு உச்சம்தான் உண்டு என்று வாதிட்டார். உச்சத்துக்கு வராதது எல்லாம் வழியில் நிற்பது, அல்லது வழி தவறியது. பத்தாண்டு கழித்து, 1926இல், ஹென்றி கிளீசன் என்பவர் அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்றார். ஒவ்வொரு செடியும் தன் தன் விதைக்கும் மண்ணுக்கும் ஏற்றபடி தனித்தனியாக வந்து சேர்கிறது, கூட்டம் என்பது தற்செயலான சந்திப்பு, உயிரி அல்ல. அவரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவர் சூழலியலை விட்டுவிட்டுச் செடிகளுக்குப் பெயர் வைக்கும் வகைப்பாட்டியலுக்குப் போய்விட்டார். பல பத்தாண்டுகளுக்குப் பிறகே அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தார்கள். இங்கிலாந்தின் ஆர்தர் டான்ஸ்லி இருவருக்கும் நடுவில் நின்றார். மண், பாறை, நெருப்பு, மேய்ச்சல் என்று எதனாலும் ஒரு இடம் தனக்கான நிலையில் நின்றுவிடலாம், ஒரே வட்டாரத்தில் பல உச்சங்கள் இருக்கலாம் என்றார் அவர். சூழல்மண்டலம் என்கிற கருத்தையே அவர் 1935இல் கிளெமென்ட்ஸ் கட்சிக்காரர்களோடு சண்டை போடும் கட்டுரையில்தான் முன்வைத்தார். நம் பாடநூலில் சூழல்மண்டலத்தின் வரையறை இருக்கிறது, உச்சமும் இருக்கிறது, சண்டை மட்டும் இல்லை. பிள்ளைகளுக்குச் சண்டையைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. வரையறையைப் பரீட்சைக்கு முந்தின நாள் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே வரைக்கும் வந்து, தியாகதுருகத்துப் பாறை தன்னளவில் முழுமையானது என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போய்விடலாம். ஆனால் அந்த நிம்மதி எனக்குக் கிடைக்கவில்லை. பாறையை விடுங்கள், அதைச் சுற்றிய சரிவில் இருக்கும் முட்புதர்? ஆண்டுக்கு ஏறக்குறைய 1000 மில்லிமீட்டர் மழை பெய்கிற வட்டாரம் இது. இவ்வளவு மழைக்கு மரங்கள் இன்னும் அடர்த்தியாகவே வரலாம் என்று ஒரு கட்சி சொல்லும். இப்போதிருக்கும் புதர், ஆடு தின்றும் விறகுக்கு வெட்டியும் அரப்புத் தழை பறித்தும் நாம் தேய்த்துவைத்த மிச்சம் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. கூடவே இது கோட்டைமலை. 1750களின் கடைசியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இதற்காக அடித்துக்கொண்டார்கள், 1761இல் முற்றுகையிட்டு ஆங்கிலேயர் பிடித்தார்கள், பின்னால் ஐதர் அலி கைக்குப் போனது, 1790இல் திப்புவின் படை வந்து மோதியது. காவற்காடு வளர்ப்பது நம் பழைய அரண்முறை. பகைவன் நுழைய முடியாதபடி முள்ளை வேண்டுமென்றே அடர்த்தியாக வளர்ப்பார்கள். பீரங்கி வந்தபின் பார்வைக்குத் தடையாக ஒரு செடிகூட இல்லாமல் சரிவை வழித்துவைப்பதுதான் காவல். எனவே இந்தச் சரிவில் எந்தக் காலத்து நிலையை இயற்கை என்று எடுத்துக்கொள்வது? முள் வளர்த்த காலத்தையா, வழித்த காலத்தையா, இரண்டுக்கும் முந்தின, யாரும் பார்க்காத காலத்தையா? அங்கங்கே நிற்கும் சப்பாத்திக்கள்ளி நம் ஊர்ச் செடி என்றே பலரும் நம்புகிறோம். அது அமெரிக்காவிலிருந்து வந்து தென்னிந்தியா முழுக்க நிலங்களை மூடி, 1920களில் கொச்சினீல் பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகே அடங்கியது. வந்தேறியை வெளியேற்றிவிட்டு மிச்சத்தை ஆதி இயற்கை என்று காட்டலாம் என்றால், பட்டியலில் கைவைக்கக் கைவைக்க மிச்சம் குறைந்துகொண்டே போகிறது. பாறை மண்ணில்லாததால் நிற்கிறது, சரிவு மனிதர்களால் நிற்கிறது, இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் மனிதர்கள் நிறுத்திவைத்தது என்பதாலேயே ஒன்று குறைபட்டதாகிவிடுமா என்ற கேள்விக்கு அது பதிலாகவில்லை.

ஏனென்றால் அப்படிப் பார்த்தால் நம் ஏரிகளை என்ன செய்வது? பாடநூலில் இன்னொரு அம்புப்படம் உண்டு, நீர்நிலை காடாகும் படம். மிதவை உயிரிகள், மூழ்கிய செடிகள், மிதக்கும் இலைகள், நாணற் சதுப்பு, சதுப்புப் புல்வெளி, புதர், காடு. ஆழமில்லாத ஒரு நீர்நிலையைச் சும்மா விட்டால் உண்மையிலேயே அந்தத் திசையில் நகரும். வண்டல் படியும், சம்பும் கோரையும் கரையிலிருந்து உள்ளே வரும், தரை மேடிடும். ஏரி என்பது அந்த அம்பை நடுவழியில் மறித்து நிறுத்திவைத்த இடம். கரைக்கு மண் போட்டு, மதகைச் சரிசெய்து, கலிங்கு உடையாமல் பார்த்து, கோடையில் வண்டலை வெட்டி வண்டியில் ஏற்றி வயலில் கொட்டி, தலைமுறை தலைமுறையாக அதைக் காடாக விடாமல் வைத்திருக்கிறார்கள். உச்சத்தைத் தடுப்பதுதான் அங்கே வேலை. அப்படித் தடுத்துவைத்த அரைகுறை நிலையில்தான் அல்லியும் ஆம்பலும் நாரையும் நீர்க்கோழியும் விராலும் கெளுத்தியும் இருக்கின்றன, நெல்லும் அதை நம்பித்தான் இருக்கிறது. 2017இல் குடிமராமத்து மறுபடி தொடங்கியபோதும், வண்டலை விவசாயிகள் இலவசமாக அள்ளிக்கொள்ளலாம் என்று அரசு சொன்னபோதும், அது பழைய தடுப்பாட்டத்தைத் தொடரச் சொன்னதுதான். அதற்கு நேர்மாறாக, 1980களில் ஸ்வீடன் உதவியோடு நடந்த சமூகக் காடுகள் திட்டத்தில் தமிழ்நாட்டின் ஏராளமான ஏரிகளின் உள்வாயில் கருவேலம் நட்டார்கள். வெறுமனே கிடக்கிற தரையில் விறகாவது வரட்டும் என்ற நல்ல எண்ணம். யாரோ ஒருவர் அம்பை எட்டிப் பிடித்துக் கடைசிக் கட்டத்தில் கொண்டுபோய்க் குத்தியதுபோல. விறகு வந்தது, நீர் நிற்கும் இடம் சுருங்கியது, தூர் எடுக்கப் போனால் வேர் மறித்தது. சில ஏரிகளில் அந்தக் கருவேல மரங்களிலேயே கொக்குகள் கூடுகட்டத் தொடங்கின, இப்போது வெட்டினால் பறவை ஆர்வலர்கள் சண்டைக்கு வருவார்கள், அவர்கள் வருவதும் நியாயம்தான். எனக்கு அந்தக் குழப்பம் பிடித்திருக்கிறது. எந்தக் கட்டத்திலும் யாரோ குடியேறிவிடுகிறார்கள்.

தியாகதுருகத்திலிருந்து மேற்கே பார்த்தால் கல்வராயன்மலை நீலக்கோடாகத் தெரியும். கோமுகியும் மணிமுக்தாவும் அங்கிருந்துதான் இறங்கி வருகின்றன. படத்தின் கடைசி அம்பு போய் நிற்க வேண்டிய காடு அங்கேதான் இருக்கிறது என்று சமவெளிக்காரர்கள் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் மேலே போனால் அங்கும் அம்பு நேராக இல்லை. மலையாளிப் பழங்குடியினர் ஏர் போகாத சரிவில் கொத்தால் கொத்திச் சாமையும் தினையும் விதைப்பார்கள். சில போகம் எடுத்தபின் நிலத்தை ஆறப் போடுவார்கள். ஆறப் போட்ட இடத்தில் புல், புதர், இளமரம் என்று பாடநூல் வரிசை உண்மையாகவே நடக்கும், பிறகு ஒருநாள் மறுபடி கொத்து விழும். அதாவது மலைமுழுக்க வெவ்வேறு வயதுத் துண்டுகள், ஒன்று இந்த வருடத்துச் சாமை, ஒன்று முள், ஒன்று மரம், நடுவில் கடுக்காய் பொறுக்கவென்று வெட்டாமல் விட்ட பெருமரங்கள். மலையை ஆண்ட ஜாகிர்தார்கள் கொத்துக்கும் ஏருக்கும் வரி வாங்கிக்கொண்டிருந்த காலம் 1976இல் முடிந்தது. இந்தச் சுழற்சியைக் காட்டை அழிப்பது என்றே வனச்சட்டம் பார்த்துப் பழகியிருக்கிறது. நிலத்துண்டு சிறுத்து, ஆறப்போடும் காலம் குறைந்து, சேலம், ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி ஏறியபின் சுழற்சியே அறுந்துவிட்டது. மண் அரிப்பதற்குப் பழியைக் கொத்தின்மேல் போடுவது சுலபம், ஆற விடாததன்மேல் போடுவதுதான் சரி என்று நினைக்கிறேன். உண்ணிச்செடி ஏறிய சரிவுகளில் இப்போது எந்த அம்பும் நகர்வதில்லை. அதையும் ஒரு உச்சம் என்று சொல்லலாமா என்று கிளெமென்ட்ஸிடம் கேட்க வேண்டும்.

என் மனத்தாங்கல் வெறும் பாடநூல் சம்பந்தப்பட்டதாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அந்தப் படம் வகுப்பறையோடு நிற்பதில்லை. கிராமக் கணக்கில் இப்படிப்பட்ட இடங்கள் கரடு, கல்லாங்குத்து, மலைப் புறம்போக்கு என்று எழுதப்பட்டிருக்கும். மத்திய அரசு வெளியிடும் தரிசுநில வரைபடத் தொகுப்பில் வெற்றுப் பாறைப்பகுதி ஒரு வகை, புதர் நிலம் இன்னொரு வகை. முடிவடையாத ஒன்றாக ஒரு இடத்தைப் பார்த்துவிட்டால் இரண்டு காரியம்தான் தோன்றுகிறது. ஒன்று, முடித்துவைப்பது: குழி வெட்டி, மரக்கன்று நட்டு, படம் எடுத்து, பசுமைப் பரப்பில் சேர்ப்பது. மற்றது, கைகழுவுவது: ஒன்றுமில்லாத கல்தானே என்று குவாரிக்கு ஏலம் விடுவது. நடுகிறவரும் உடைக்கிறவரும் எதிரெதிர் ஆட்கள் என்றுதான் பேசிக்கொள்கிறோம், இருவர் பையிலும் ஒரே படம்தான் இருக்கிறது. மஞ்சள் தொண்டைச் சின்னான் என்று ஒரு பறவை, தென்னிந்தியாவைத் தவிர உலகில் எங்கும் இல்லை. அதற்கு வேண்டியது நந்தி மலை, செஞ்சி போன்ற இடங்களில் இருக்கிற மாதிரி பாறையும் புதரும் கலந்த சரிவு. அழியும் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய இனம் என்று உலகப் பட்டியலில் இருக்கிறது. அந்தச் சரிவை ஜல்லியாக்கினாலும் அது போய்விடும், அடர்காடாக்கினாலும் போய்விடும்.

உடைக்கிற பக்கம் வேகம் அதிகம் என்பதை மறைக்க முடியாது. ஆற்றுமணல் அரிதாகி எம்-சாண்ட் வந்தபின், சாலைகள் அகலமானபின், கல் என்பது குன்று வடிவில் கிடக்கும் பணம். ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான சிறுகனிம குத்தகைகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் சொன்னது, அதுவரை அந்தக் கேள்வியே எழவில்லை. மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. ஏழு குன்றுகள், வல்லூறுகள், சுனைகள், சமணப் படுக்கை, குடைவரை. ஆனாலும் 2024இல் அந்த வட்டாரமும் டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்குள் வந்தது. ஊர்மக்கள் திரண்டு நடந்தபின் 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அங்கே கல்வெட்டு இருந்தது, சாமி இருந்தது, இரண்டாயிரம் வருடக் கதை இருந்தது. தியாகதுருகத்துக்கும் ஒரு கோட்டை இருக்கிறது. கோட்டையோ குகையோ இல்லாத, பெயர்கூட இல்லாத கரடுகள் கள்ளக்குறிச்சி மாவட்டம் முழுக்கக் கிடக்கின்றன. அவற்றுக்காகப் பேச மயில்சிகையும் பாறை ஓணானும்தான் இருக்கின்றன.

அவை பேசும் மாதங்களும் குறைவு. முழு ஆய்வு தேவைப்படும் பெரிய சுரங்கங்களுக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வகுத்திருக்கும் பொது வரையறையில், காற்று, நீர், மண்ணோடு தாவரங்களையும் விலங்குகளையும் மழைக்காலம் அல்லாத ஏதாவது ஒரு பருவத்தில் கணக்கெடுக்க வேண்டும் என்று இருக்கிறது. மழைக்காலம் அல்லாதவை எவை என்றும் அதுவே சொல்கிறது: மார்ச் முதல் மே வரை கோடை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்குப் பிந்திய பருவம், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர்காலம். வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற ஊரில் அக்டோபர் மழைக்குப் பிந்திய மாதமாம். டெல்லியின் நாட்காட்டி செய்த இந்தத் தவறு, நம் பாறைகளுக்கு வாராது வந்த ஒரு சாதகம். அந்த மூன்று மாதத்தில் கரட்டின்மேல் ஏறுகிறவர் பெரணியைப் பச்சையாகப் பார்ப்பார், குட்டைகளில் நீந்துவதைப் பார்ப்பார், லைக்கன்கூட ஈரத்தில் நிறம் கூடித் தெரியும். ஏப்ரலில் ஏறுகிறவர் முட்புதர், சிறப்பாக ஒன்றுமில்லை என்று இரண்டு வரி எழுதிவிட்டு இறங்குவார், அவர் எழுதியதில் பொய் இருக்காது. மூன்றில் எந்தப் பருவம் என்பதைத் தேர்ந்தெடுப்பது குவாரிக்கு விண்ணப்பிக்கிறவர்.